படகில் ஏறப் பழகுதல்

அன்புள்ள என் துணைக்கு,

நீ அபர்டீனில் உள்ள உன் தங்கை வீட்டுக்குப் போனதிலிருந்து கிரீன்லாந்து வரைபடம் நம் மேசையில் விரிந்தே கிடக்கிறது. தூக்கத்தில் பனிமலைகள் சத்தமில்லாமல் நம் தெரு வழியே மிதந்து போகின்றன. அவற்றைப் பார்த்து நான் பயப்படுவதில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

நாம் பதிவு செய்த கிரீன்லாந்துப் பயணத்துக்குச் சிறிய கப்பல்தானாம்; துறைமுகமில்லாத கரைகளில் ரப்பர் படகில்தான் இறங்க வேண்டுமாம். தடுமாறிவிடுவேனோ என்று, குளியல் தொட்டியைப் படகாக வைத்துப் பழகினேன். எதிர்வீட்டு ஊனா மாலுமியாக நின்று கை நீட்டினாள். நான் அவள் உள்ளங்கையைப் பிடித்தேன்.

"என்ன வாத்தியாரே, கைகுலுக்கவா வந்தீங்க? மணிக்கட்டப் பிடிங்க. நானும் உங்க மணிக்கட்டப் பிடிப்பேன். ஒருத்தர் விட்டாலும் இன்னொருத்தர் பிடி இருக்கும்ல!"

பிறகு சிரித்தாள். "பூட்ஸோட தொட்டில நிக்கிறத உங்க வீட்டம்மா பாத்தா, இன்னும் ரெண்டு ஊர் தள்ளிப் போயிடுவாங்க!"

அவள் போன பிறகும் வெகுநேரம் தொட்டியிலேயே நின்றிருந்தேன்.

நம் அறையில் யாருக்கு எந்தக் கட்டில் என்று கப்பல்காரர்கள் கேட்டிருந்தார்கள். சன்னலோரம் உனக்கு என்று பதில் எழுதிவிட்டேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தவறுதான். இப்போது கேட்கிறேன். வருவாயா?

இன்னமும் இப்படிக் கையெழுத்திடலாம் என்று நம்பும்,
உன் கணவன்