மீன்கொத்தித் தட்டு

மார்ச் 3, திங்கள்

அக்கா மகளை மீன்கொத்தி இசைத்தட்டுக் கம்பெனி பாட எடுத்துக்கொண்டது. எல்லாம் என்னால்தான். பாட்டைக் கேட்டுத்தான் எடுத்தார்கள் என்கிறாள் அக்கா. கேட்க வைத்தது யார்? போன வருடம் கம்பெனி டைரக்டர், தட்டு அடிக்கும் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தபோது என் தோளில் கை போட்டு, "உங்க காது இல்லேன்னா நாங்க இல்ல" என்றார். போட்ட மாதிரிதான்.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குடா" என்றாள் அக்கா.

தட்டின் நடுவில் இருக்கும் அந்த மீன்கொத்திப் படத்துக்கு உள்ள மவுசே தனி. எந்தக் கம்பெனி இசைத்தட்டு ஆனாலும் எங்களிடம் அதே மிஷின், அதே பிளாஸ்டிக். நடுவில் பதியும் வட்டக் காகிதம்தான் வேறு. சின்னக் கம்பெனித் தட்டு கடையில் அடியில் கிடக்கும். மீன்கொத்தி கண்ணாடிக்குள் நிற்கும். ஆனால் புதுப் பாடகியின் முதல் தட்டு குறையென்று கடையிலிருந்து திரும்பினால், இரண்டாவது தட்டு கிடையாது. அப்படிப் போன இருபது பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேர் என்றாலும் போனது போனதுதானே.

மார்ச் 5, புதன்

அக்கா வந்து வாசல் மணியை நெடுநேரம் அடித்தாளாம். மணி ரிப்பேர். மாற்ற வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

முதலில் ஒரு சாம்பிள் தட்டு அடிப்பார்கள். கேட்பு அறையில் நான் கேட்டு 'பாஸ்' சொன்னால்தான் மற்றதை அடிக்க மிஷின் ஓடும். பாம்புச் செவி எனக்கு. எறும்பு தும்மினால் கேட்கும்.

இன்று அக்கா மகளின் சாம்பிள். தேன்! பாஸ் சொல்ல வாயெடுத்தேன். மிஷின் ஓட்டும் நெட்டையன் கதவில் சாய்ந்து நின்று, "அண்ணே, மூணாவது பாட்டுல டிக் டிக்னு அடிக்குதே" என்றான்.

"அது தாளம்டா, மடையா."

"தாளமே இல்லாத பாட்டுண்ணே அது."

மறுபடி போட்டேன். மறுபடியும். பாட்டுத்தான் கேட்டது. செவ்வாய்க்கிழமை சொல்வதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சாம்பிளை வெளியே கொண்டுபோகக் கூடாது. எனக்கா சட்டம்? செய்தித்தாளில் சுற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.

மூன்றாவது பாட்டில் பிள்ளையின் புருவம் சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது — தட்டு ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும்.

"மாமா, கடைக்குப் போற தட்டுல இந்த டிக் சத்தம் வராதுல்ல? நீங்கதான கேக்குறீங்க. எனக்குப் பயமே இல்ல."

"மாமன் இருக்கேன்ல" என்றது என் வாய்.

எனக்குக் கேக்கலையே. ஒண்ணுமே கேக்கலையே. இத்தனை நாளா எதையெல்லாம் கேக்காம விட்டேனோ —

மார்ச் 10, திங்கள்

வாசல் மணி ரிப்பேர் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

சாம்பிளைத் தள்ளினேன். புது அச்சு எடுக்க வேண்டும் என்றேன்.

"எந்த இடத்துல அடிக்குது? ஊசிய வச்சுக் காட்டுங்க" என்றார் மேனேஜர். வாய் வரைக்கும் ஒரு கதை வந்தது. நல்ல கதைதான். விழுங்கிவிட்டேன்.

"எனக்குக் கேக்கல சார். நெட்டையனுக்குக் கேக்குது."

"அப்போ போன மாசம் நீங்க பாஸ் பண்ணதெல்லாம்?"

அக்கா சொன்ன எட்டு நாள் சரியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

தட்டுக்கு அட்டை உறை போடும் பகுதிக்கு என்னைத் தலைவனாக்கியிருக்கிறார்கள். அங்கே நானும் ஒரு மேசையும். என் நாற்காலியில் நெட்டையன். சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவான். வருவான்.

இன்று புது அச்சில் அக்கா மகளின் தட்டு வெளிவந்தது. கடையில் கண்ணாடிக்குள், எல்லாருக்கும் முன்னால். உறை போட்டது நான், அத்தனைக்கும் நான்தான். சாயங்காலம் அக்கா வீட்டில் போட்டார்கள். மூன்றாவது பாட்டு வந்ததும் எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை புருவம் அசையவில்லை.

"எப்படி இருக்கு மாமா?"

"சுத்தம். பாஸ்" என்றேன்.