வலிக்காத செவ்வாய்க்கிழமை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதோடு மூன்று செவ்வாய் ஆயிற்று.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெண் கேட்பது ஒரே கேள்வி. சைபரிலிருந்து பத்துக்குள் இப்போது வலி எவ்வளவு? ஐந்து என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். "வலி இல்லாத அன்னிக்குத்தான் படம் எடுக்க முடியும் அக்கா. அடுத்த செவ்வாய் வாங்க."

இது என்ன நியாயம்? பத்து வருடமாகத் தீராத ஒற்றைத் தலைவலி எனக்கு. இப்படிப்பட்டவர்களுக்கு அக்குபஞ்சர் ஊசி போட்டால் மூளைக்குள் என்ன மாறுகிறது என்று பார்க்கப்போகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள் இவர்கள்தான். முதலில் ஒரு மூளைப் படம், பிறகு இரண்டு மாதம் ஊசி, பிறகு இன்னொரு படம். முதல் படம் என் நல்ல காலம், தலை சும்மா இருந்த ஒரு நாளில் அமைந்துவிட்டது. ஊசியும் முடிந்துவிட்டது. முன்போல் தினமும் வலிப்பதில்லை, நடுநடுவே தெளிந்த நாட்கள் வருகின்றன. ஆனால் படம் எடுப்பது செவ்வாய் மட்டும்தான். செவ்வாய் என்றால் இந்தத் தலைக்கு எங்கிருந்துதான் தெரியுமோ.

துணியைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வா, வெளுத்துத் தருகிறேன் என்று சலவைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

மாதக் கடைசிக்குள் இரண்டாவது படம் எடுக்காவிட்டால் என்னைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்களாம். எடுத்து முடித்தவர்களுக்கு மட்டும் இன்னும் ஆறு மாதம் இலவசமாக ஊசி. ஆக, வலிக்கிற குற்றத்துக்காக வைத்தியமும் கிடையாது.

மார்ச் 5, புதன்

அடுத்தவர் வாய்க்குப் பல் செய்வது என் பிழைப்பு. கண்ணுக்கு நேரே விளக்கு, காதுக்குப் பக்கத்தில் அரைக்கிற சக்கரம். எந்தத் தலைவலிக்காரியும் தேடிப் போகிற வேலை இல்லைதான். ஆனாலும் பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒரு பொய்ப் பல்லை ஒட்டிப்போகச் செய்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கடவாய். யார் கிடைத்தாலும் மென்றுவிடுவார். நேற்று நான் எடுத்த அரை நாள் விடுப்பு இன்று அவர் வாயில் அகப்பட்டது.

"படம் எடுத்தாச்சா? மூளைல ஏதாவது தெரிஞ்சா நம்பறேன். இல்லன்னா பேக்கிங் பக்கம் போயிடுங்க, அங்க விளக்கும் இல்ல சத்தமும் இல்ல."

அக்கறையாகச் சொல்வதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். நான் வாயால் சொன்னால் போதாது, என் மூளை படம் காட்டிச் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டினேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "சைபர்னு சொல்லிட்டுப் போயேன், ஒரு வார்த்தைதானே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வலிக்கிறது என்று பத்து வருடமாக நான் சொன்னபோதெல்லாம் "சரியாத் தூங்கு, போயிடும்" என்றவர். இப்போது வலிக்கவில்லை என்று பொய் சொல்லச் சொல்கிறார். எப்படிப் பார்த்தாலும் நான் உண்மையைச் சொல்வது மட்டும் யாருக்கும் வேண்டியதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தலை பளிச்சென்று இருந்தது, நாள் முழுக்க. ஞாயிற்றுக்கிழமை யார் படம் எடுக்கிறார்கள்!

மார்ச் 11, செவ்வாய்

ஆறு. வீட்டுக்குப் போ.

வெளியே வந்தால் தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டுக்கொண்ட நாட்களில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவருடையது. நெற்றி முழுக்க ஊசி குத்திக்கொண்டு, "பாத்தீங்களா, ஊசியாலயே பொழச்சு ஊசிலயே போறேன்" என்று சிரிக்கவைப்பார். இரண்டாவது படமும் எடுத்து முடித்துவிட்டாராம். நான் எத்தனை சொன்னேன் என்று கேட்டார். ஆறு என்றதும் என்னை ஒரு அசட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏம்மா, நெஜத்தையா சொன்னீங்க? நான் ரெண்டு தடவையும் சைபர்தான். இப்பக்கூட கண்ணுக்குப் பின்னாடி ஆணி அடிக்குது. உள்ள படுத்தவங்கள்ல பாதிப்பேர் இப்படித்தான்."

அப்போது சிரித்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பற்றிக்கொண்டு வந்தது. வலியோடு துடிக்கிற மூளையைப் படம் எடுத்து, கீழே 'வலி இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! அதையும் இதையும் ஒப்பிட்டு ஊசி வேலை செய்கிறது, செய்யவில்லை என்று உலகத்துக்குச் சொல்லப்போகிறார்கள். அதைப் படித்துவிட்டு ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு மருத்துவர் ஒரு தலைவலிக்காரியிடம், உனக்கு ஊசியால் பிரயோஜனம் இல்லை என்பார். அவள் எழுந்து வீட்டுக்குப் போவாள்.

மார்ச் 12, புதன்

நானும் சொல்லிவிடலாமா? ஒரே ஒரு செவ்வாய். படம், ஊசி, கடவாயின் வாய்க்கு ஒரு பூட்டு — எல்லாம் கிடைக்கும்.

ஆனால் வலிக்கலை வலிக்கலைன்னு நானே சொல்லிட்டா, இத்தனை வருஷமா இவங்க எல்லாரும் சொன்னது சரின்னு ஆயிடாதா? சும்மா சொல்றாள்னு சொன்னாங்களே, அப்போ அது நிஜம்தானே?

மாட்டேன். போனால் போகட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

நான்கு என்றேன். போகச் சொன்னாள். போகவில்லை. பெரிய டாக்டரைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

வந்தார். என் வயதுதான் இருக்கும், பொறுமையாகத்தான் பேசினார். வலிக்கும்போது மூளையில் சில இடங்கள் ரொம்பப் பரபரப்பாக இருக்குமாம். தீராத தலைவலிக்காரர்களுக்கு, வலி இல்லாத நேரத்திலும் அந்த இடங்களுக்கு இடையே பேச்சு நடந்துகொண்டே இருக்கும். அந்தப் பேச்சை ஊசி அடக்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். படம் எடுக்கும்போதே வலித்தால் அந்த இரைச்சலில் இது காணாமல் போய்விடும். அதனால் எல்லாரையும் வலி இல்லாதபோதே பார்க்கவேண்டும். அந்த நியாயம் எனக்கும் புரிந்தது. புரிந்ததில்தான் கோபம் இன்னும் ஏறியது.

"சார், வலிக்குதுன்னு நெஜத்தைச் சொல்றவங்கள வீட்டுக்கு அனுப்பறீங்க. வலிச்சிக்கிட்டே வலிக்கலைன்னு பொய் சொல்றவங்களப் படுக்க வைக்கறீங்க. அப்ப நீங்க யாரோட மூளையப் பாத்துக்கிட்டிருக்கீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். பெயர் சொல்லமாட்டேன் என்றேன். ஊசியை நிறுத்தமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அவரே எல்லாரையும் கேட்கட்டும், அப்போது தெரியும் என்றேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கூசிச் சுருங்கிய என் கண்ணைப் பார்த்து, எழுந்துபோய் டியூப்லைட்டை அணைத்தார். பத்து வருடத்தில் ஒரு மருத்துவரும் இதைச் செய்ததில்லை. அழுகை வந்துவிட்டது. வந்ததற்காக என்மேலேயே எரிச்சல்.

கிளம்பும்போது கேட்டேன், என் படத்தைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது என்று தெரியுமா என்று.

"ஒருத்தர் படத்தை மட்டும் வெச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. நெறைய பேரைச் சேத்துப் பாத்தாத்தான் ஏதாவது தெரியும்."

அப்படியானால் கடவாயிடம் காட்ட ஒன்றுமே கிடையாது. இதற்கா இத்தனை அலைச்சல்!

மார்ச் 21, வெள்ளி

ஆராய்ச்சியையே நிறுத்தி வைத்துவிட்டார்களாம். ஃபோன் வந்தது. ஊசி அறையையும் மூடிவிட்டார்கள்.

"உன்னால எல்லாருக்கும் போச்சு" என்றார் இவர். தையல்காரரும் கூப்பிட்டார். அந்த ஊசியால்தான் வாரத்தில் நான்கு நாளாவது மிஷினில் உட்கார முடிகிறது, அதில் மண்ணைப் போட்டுவிட்டேனாம். பொய் சொன்னது அவர், பழி எனக்கு. திருப்பிக் கத்த நினைத்தேன். அவர் குரல் உடைந்திருந்தது, ஃபோனை வைத்துவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ?

மார்ச் 24, திங்கள்

கடவாய் படம் எங்கே என்றார். படத்திலெல்லாம் தெரியாது, என் வாயில் வருவதுதான் சாட்சி, நம்பினால் நம்புங்கள் என்றேன்.

இன்று முதல் பேக்கிங். நேற்றுவரை நான் செய்த பற்களை இன்று நானே டப்பாவில் போடுகிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பெரிய டாக்டரே ஃபோனில் பேசினார். எல்லாரையும் கேட்டுப் பார்த்தாராம். நான் சொன்னதைவிட நிலைமை மோசமாம். விதியை மாற்றிவிட்டார்கள்: வலித்தாலும் வலிக்காவிட்டாலும் படம் உண்டு, அன்றைய எண்ணை அப்படியே குறித்துக்கொண்டு இரண்டு வகையையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள், பொய் சொன்னவர்கள், எல்லாரும் வரலாம். ஊசியும் எல்லாருக்கும் தொடரும்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். சாதம் பிசைவதை நிறுத்தி, "வாரத்துல எத்தனை நாள் வலிக்குது உனக்கு?" என்று கேட்டார். பத்து வருடத்தில் முதல் தடவை! சந்தோஷப்படுவதா, தட்டை எடுத்து எறிவதா என்று தெரியவில்லை. பதில் சொன்னேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காத்திருக்கும் அறையில் விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். நாற்காலி கொள்ளாத கூட்டம். முக்கால்வாசிப் பேர் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். நான் மட்டும்தான் என்று நினைத்து எவ்வளவு வெந்திருக்கிறேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஐந்து செவ்வாய் வந்து போனாளாம், பாவம்.

எனக்கு முன்னால் தையல்காரர். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மேஜைப் பெண் கேள்வியைக் கேட்டதும், பதில் வேறு யாரிடமோ இருப்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். பிறகு, "எட்டு" என்றார், மிக மெதுவாக. அவள் எட்டு என்று எழுதினாள். உள்ளே போகச் சொன்னாள். "எங்க வீட்லகூட இதச் சொன்னதில்லம்மா" என்றார் என்னிடம். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

அடுத்தது நான். எவ்வளவு அக்கா?

வாயைத் திறந்துவிட்டுத் தேடினேன். கண்ணுக்குப் பின்னால், பொட்டில், பிடரியில். எங்கேயும் இல்லை. காலையிலிருந்தே இல்லை, வருகிற பதற்றத்தில் கவனிக்கவே இல்லை. இத்தனை ரகளை செய்து வாங்கிய நாளில், பாழாய்ப்போன தலை வலிக்கவில்லை.

"சைபர்" என்றேன்.

பேனா நின்றது. மேஜைமேல் சாய்ந்து, என் கையைத் தொட்டு, அவ்வளவு கனிவாகச் சொன்னாள்: "பரவால்ல அக்கா. இப்பதான் பயமில்லையே, உண்மையைச் சொல்லுங்க."

வந்ததே எனக்குக் கோபம். மூன்று தடவை சொல்லி, சத்தியம் செய்த பிறகுதான் எழுதினாள்.