டோக்கன் நம்பர் ட்வெனி

அன்புள்ள தம்பி மகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர.

உன் கடுதாசி வந்துச்சு. துணிக் கம்பெனியில மடிக்கிற வேலைக்குப் போறேன், அங்க வாயே திறக்க வேண்டாம்னு எழுதியிருக்க. படிச்சதும் எனக்குச் சோறு இறங்கல. இங்க நான் கூட்டித் துடைக்கிற ஆஸ்பத்திரியில நடக்குற கூத்தக் கேளு.

உன் இங்கிலீஷ்ல ஊர் வாடை அடிக்குதுன்னு டோக்கன் கூப்பிடுற மைக்குலேர்ந்து உன்ன எழுப்பி விட்டாளே அந்த உச்சரிப்பு டீச்சரு, அவ பழக்கின புதுப் பொண்ணுதான் இப்ப டோக்கன் கூப்பிடுறா. கூப்பிடுறாளா கொப்பளிக்கிறாளான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். ட்வென்ட்டிய 'ட்வெனி'ங்கிறா. நடுவுல இருந்த 'ட்' எங்க உருண்டு போச்சுன்னு நான் பெஞ்சுக்கு அடியில கூட்டிப் பாக்காத குறை.

பெரிய டாக்டர் 'ஷெட்யூல்'ங்கிறாரு, சின்ன டாக்டர் 'ஸ்கெட்யூல்'ங்கிறாரு. ரெண்டு பேரும் வேற வேற தேசத்துல படிச்சவங்களாம், அதனால ரெண்டுமே சரியாம். நீ டவுன் பஸ்ஸுல வந்தவ, நீ சொன்னா மட்டும் தப்பாம். தூ! கடவுள் என்னை மன்னிக்கணும்.

செவ்வாய்க்கிழமை ஒரு லாரி டிரைவர், சர்க்கரைக்காரரு, டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட காலையிலேர்ந்து உக்காந்திருந்தாரு. கையில இருபதாம் டோக்கன். இவ மூணு தடவ ட்வெனி ட்வெனின்னா. அவரு அசையல. ஆள் வரலேன்னு அடுத்த நம்பருக்குப் போயிட்டா. பதினொரு மணிக்கு மனுஷன் சரிஞ்சு என் பக்கெட்டு மேலயே விழுந்தாரு. நர்சம்மா சர்க்கரைத் தண்ணி குடுத்துத் தெளிய வெச்சதும், என் நம்பர இன்னும் கூப்பிடலியேம்மான்னு கேக்குறாரு பாவம்.

சூப்பிரண்டு வந்து டீச்சர விசாரிச்சாரு. உச்சரிப்புல குறையே இல்ல சார், ஜனங்க காதைத்தான் பழக்கணும்னு சொல்றா அந்த மகராசி. இனி காதுக்கும் கிளாஸ் வெப்பா போல! அவரு நேரா என்கிட்ட வந்து, உங்க தம்பி பொண்ணு திரும்ப வருமா, அடுத்த வெள்ளிக்குள்ள வந்தா இடம் இருக்குன்னாரு. நான் உன்னக் கேக்காமலே வருவான்னு சொல்லிட்டேன்.

இன்னொண்ணு. அன்னைக்கு டீச்சர் உன்ன மாதிரியே பேசிக் காட்டினப்ப எல்லாரும் சிரிச்சாங்கல்ல. என்ன தப்பு கண்டாங்கன்னு கூடப் புரியாம நானும் சேந்து பல்லக் காட்டினேன். நீ என்னத்தான் பாத்த. தினமும் விளக்கு ஏத்தி எல்லாத்தையும் கடவுள்கிட்ட சொல்றேன், இது மட்டும் வாய்ல வர மாட்டேங்குது.

வா கண்ணு. பதில் போடாட்டியும் பரவாயில்ல, நேரா வந்துடு. உன் குரல் கேட்டு ஜனங்க எந்திரிக்கிறத இந்த அத்தை பாக்கணும். கடவுள் உன் நாக்குல குடியிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்று சிரித்த அத்தை