சாயங்காலம் முழுக்க எங்கேஜ்ட்

ஐப்பசி, வெள்ளி இரவு.

குவைத்திலிருந்து என் கணவர் கூப்பிட்டபோது வீட்டு போன் எங்கேஜ்டாக இருந்திருக்கிறது. உடனே தன் அண்ணனுக்குப் போட்டுவிட்டார். அண்ணன் கோவில்பத்திலிருந்து பைக்கில் வந்து நின்றார்.

“ரெண்டு தடவ போட்டானாம், ரெண்டு தடவையும் எங்கேஜ்டாம். யாரோட பேசிக்கிட்டிருக்கேன்னு கேக்குறான்.”

உள்ளே அழைத்து, கணினியைப் போன் லைனோடு இணைக்கும் மோடத்தின் சத்தத்தைக் கூட்டினேன். என் கணினி, கேள்வியும் பதிலும் எழுதிப் போடுகிற சென்னை புல்லட்டின் போர்டுக்கு டயல் செய்துகொண்டிருந்தது. அங்கே ஒரே லைன். ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம். அதுவரை டயலர் புரோகிராம் தானாகவே திரும்பத் திரும்பக் கூப்பிடும். நான் கேட்ட சந்தேகத்துக்கு அங்கே யாராவது பதில் எழுதியிருப்பார்கள்.

“இதோடதான் பேசுறேன்னு சொல்லுங்க.”

“இந்த மோடத்தக் கழட்டிக் குடு. நான் எடுத்துட்டுப் போறேன்.”

“தொடாதீங்க. டியூஷன் எடுத்து நான் வாங்கினது.”

தம்பியிடம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். சொல்லட்டும்.

என் புரோகிராமும் சாயங்காலம் முழுக்க எங்கேஜ்ட் சத்தத்தைத்தான் கேட்டது. யாரோடு பேச்சு என்று அது ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை. மறுபடி டயல் செய்தது. அவரும் செய்யட்டும்.