தோளைப் பார்த்து விலகினேன்

தாராவி, பம்பாய்,
13-5-1946

என் பிரியமுள்ள செல்லவடிவுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? வெள்ளாடு குட்டி போட்டதா?

எங்கள் தோல் ஷாப்பு ஆட்களுக்கும் பக்கத்து வடாலா ஆட்களுக்கும் ஞாயிறுதோறும் எறிபந்து நடக்கிறது. பந்து பட்டவன் வெளியே போகவேண்டும். "ஐம்பத்தெட்டு வயசில உமக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று என்னை ஒதுக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. எல்லாரும் பந்தைப் பார்த்து விலகுகிறார்கள். நான் எறிகிறவன் தோளைப் பார்க்கிறேன். தோள் திரும்பும்போதே பந்து வரும் இடம் தெரிந்துவிடும். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது.

நேற்று எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். ஏழு எறிக்குத் தப்பினேன். அப்போது வடாலா அய்யாத்துரை, "அண்ணாச்சி, ஊர்லேர்ந்து கடுதாசி வந்திருக்கு!" என்று கத்தினான். திரும்பிவிட்டேன். பந்து காதில் அறைந்தது. கடுதாசியும் இல்லை, ஒன்றும் இல்லை. அது அழுகுணி ஆட்டம் என்று சண்டை போட்டேன். "உம்மைத் திரும்பச் சொன்னது யாரு?" என்று எங்கள் ஆட்களே சிரிக்கிறார்கள். இன்னொரு தடவை திரும்பினால் என்னை உட்காரவைத்து விடுவார்களாம். காதில் கொஞ்சம் வீக்கம்தான், பயப்படாதே.

மூன்று மாதமாய் உன்னிடமிருந்து கடுதாசி இல்லை. வாத்தியாரிடம் சொல்லியாவது இரண்டு வரி எழுதிப் போடு. உன் கடுதாசி என் சட்டைப் பையில் இருந்தால், எவன் கத்தினாலும் நான் ஏன் திரும்பப்போகிறேன்?

ஷாப்புக்கு நேரமாகிவிட்டது.

உன்
சுடலைமுத்து