வெறும் வாளி

மார்ச் 4, புதன்
அப்பா இன்றும் இரண்டு பை நிறையக் காய்கறி வாங்கி வந்தார். வீட்டில் இருக்கும் முள்ளங்கியே நார் ஏறிக் கிடக்கிறது. அதற்குத் துணைக்கு இன்னும் ஒரு கட்டு. கேட்டால், மலிவாக இருந்ததாம். வாங்குவது அவர், அழுகுவது ஃபிரிட்ஜில், குப்பை வாளி வழிந்தால் வண்டிக்காரரிடம் திட்டு வாங்குவது நான். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கையே விரல்நுனியில் வைத்திருப்பவளுக்கு ஒரு சமையலறை எம்மாத்திரம்? இனி வாரம் ஒருமுறை நானே வாங்குவேன். அப்பா ஓய்வெடுக்கட்டும்.

மார்ச் 11, புதன்
வாளி பாதிதான் நிறைந்தது. நானா கொக்கா?

மார்ச் 17, செவ்வாய்
அப்பா சவரம் செய்துகொள்வதில்லை. வெளியே போடும் சட்டை கொடியிலேயே தொங்குகிறது. காலாற நடந்துவிட்டு வாங்கப்பா என்றேன்.
"எங்க போறது? எல்லாம்தான் வீட்லயே இருக்கே."
கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 20, வெள்ளி
வேலை முடிந்து வரும்போது தெருமுனைக் காய்கறிக்கடை அக்கா வழிமறித்து, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லையா என்று கேட்டார். என் ஏற்பாட்டைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரிக்கவில்லை.
"உங்கம்மா போனதுக்கப்புறம் இங்க வந்துதான் பேசிக்கிட்டு இருப்பாரு. சும்மா நின்னா நல்லா இருக்காதுன்னு எதையாவது வாங்குவாரு. நானும் வேணாம்னுதான் சொல்வேன்."
அப்போ அழுகிப்போன அத்தனை முள்ளங்கியும் — ரெண்டு வார்த்தை பேசறதுக்காகவா? என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல வந்தா மட்டும்? நான் எங்க உட்கார்ந்து கேட்டேன்?
கடைக்குப் பின்னால் ஓர் ஆடு கத்தியது. அக்கா வளர்ப்பது. அதற்குக் காய்த்தோல் கொடுக்கலாமா என்று கேட்டேன். தினமும் கொண்டுவந்தால் நல்லது என்றார். என் மூளைக்கு வேலை வந்துவிட்டது.

மார்ச் 21, சனி
வாராந்தரக் கொள்முதல் ரத்து. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும், துணிப்பையில், அப்பா வாங்குவார். காய்த்தோல் சின்ன வாளியில் ஆட்டுக்குப் போகும். அதுவும் அவர் பொறுப்பு.
"ஆட்டுக்கா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு சவரக்கத்தியைத் தேடினார்.

ஏப்ரல் 12, ஞாயிறு
நேற்று வாங்கியதே இருக்கிறது, இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாளியை எடுத்தார்.
"வாங்கறதுக்கு யாரு போறா? ஆடு காத்துக்கிட்டு இருக்கும்."
வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். வாளி காலி. கையில் ஒரு தக்காளிகூட இல்லை. ஆட்டுக்கு முள்ளங்கித் தோல் பிடிக்காதாம். அந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்தார். அடுப்பை அணைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.