தெருவில் போட்ட படையல்

அன்பு மகள் மி-ரானுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே என் உடம்பு சுகம்தான், மானம்தான் போய்விட்டது. போன வியாழக்கிழமை உன் அம்மாவின் முதல் திவசத்தன்று, வெள்ளைச் சடங்குடுப்போடு வாசலில் ஏணி போட்டு ஏறினேன். உச்சிப் படியில் கால்சட்டைக் கயிறு அவிழ்ந்துகொண்டது. எதிர்வீட்டு சுன்-பொக் "இந்த வயசுக்கு ஒண்ணும் மோசமில்ல" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னாள்.

ஏறியது, நிலைக்கு மேலே தொங்கிய ஒம்னாமு முள்கிளையை எடுக்க. நம் தோட்டத்து மரம்தான், வசந்தத்தில் அதன் கொழுந்தை அவித்து வைத்தால் தட்டு தட்டாய்த் தின்பாயே, என் முழங்கால் வலிக்கு அதன் பட்டையைப் போட்டுத்தான் அம்மா கோழி வேகவைப்பாள். பேய் வாசல் தாண்டாதிருக்கக் கிளை கட்டாத வீடு நம் ஊரில் உண்டா? ஆனால் நான் கட்டியது உன் அம்மாவுக்கு எதிராக. போனில் சொல்ல வாய் வரவில்லை. அவள் போனதிலிருந்து உன் தம்பி தே-கியூ அறையைவிட்டு வருவதில்லை, எலும்பும் தோலுமாகிவிட்டான், டாக்டர் கொடுத்த மாத்திரையெல்லாம் தலையணைக்கடியில் அப்படியே கிடக்கிறது. உன் அத்தைதான் "கடைக்குட்டிய விட்டுப் போக அவளுக்கு மனசு வரலடா, கையோட கூட்டிட்டுப் போகப் பாக்குறா" என்று கிளப்பிவிட்டாள். பயந்துபோய்க் கட்டினேன்.

திவசத்தன்று அதே அத்தை வந்து "ஏண்டா மடையா, கூப்பிட்டுச் சோறு போடுற நாள்ல முள்ளத் தொங்கவிட்டிருக்கியே, அவ எப்படிடா உள்ள வருவா?" என்று கத்தினாள். ஏறினேன். கிளையில் கை வைத்ததும் உன் தம்பியின் ஜன்னல் கண்ணில் பட்டது. எடுத்தால் இவன் போய்விடுவான், எடுக்காவிட்டால் அவள் பட்டினி. இறங்கிவிட்டேன். கால்சட்டைக்காக இறங்கினேன் என்று ஊர் நம்புகிறது, நம்பட்டும்.

அப்புறம் படையல் மேசையைத் தூக்கித் தெருவில் போட்டேன். ஹாரன் அடித்துக்கொண்டே வந்த முட்டைக்கோஸ் லாரிக்காரன், விஷயம் தெரிந்ததும் இறங்கி வந்து அவனும் ஒரு கும்பிடு போட்டான். அத்தை "பிச்சைக்காரிக்குப் போடுற மாதிரி போடுறியே, பாவி" என்று அழுதாள். நான் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது பக்கத்தில் தே-கியூ, வெறுங்காலோடு நிற்கிறான். "அம்மாவ ஏன்ப்பா தெருவுல உக்கார வெச்சிருக்கீங்க?" என்றான். அவன் கும்பிட்டுவிட்டு, அம்மாவுக்கு வைத்த சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். காலையில் கிண்ணம் வெளியே இருந்தது, பாதிச் சோற்றோடு. பாதி சாப்பிட்டான் என்கிறேன் நான், பாதி அப்படியே இருக்கிறது என்கிறாள் அத்தை. கிளையை இன்னும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவனுக்குப் போன் போடு, எடுக்காவிட்டாலும் மணி அடிக்கட்டும். குழந்தைக்குக் குல்லா போடாமல் வெளியே கொண்டு போகாதே. மூன்று பேரும் நிறைந்த வயிறோடும் நிம்மதியான தூக்கத்தோடும் நீடூழி இருங்கள்.

உன் அப்பா,
பியோங்-சொப்

பின்குறிப்பு: நேற்று அடுப்படியைக் கூட்டும்போதுதான் உறைத்தது. உன் அம்மா கல்யாணமாகி வந்த நாள் தவிர, வாசல் வழியாக வந்து நான் பார்த்ததே இல்லை, தோட்டத்திலிருந்து அடுப்படிக் கதவு வழியாகத்தான் வருவாள். அங்கே நான் எதையும் கட்டவில்லை.